மட்டைக்கு ஏழு நாள் கெடு: எங்கள் ஊராட்சிக்கு ஒரு திறந்த மடல்

ஊராட்சி நிர்வாகத்தினருக்கும், அதை மேற்பார்க்கும் ஒன்றிய அலுவலகத்தாருக்கும்,

ஆவணி முதல் வாரத்தில் எங்கள் தெருவின் மின்கம்பங்களில் ஓர் அறிவிப்பை ஒட்டினீர்கள். தென்னை மட்டை, பனை ஓலை, மரக்கிளை போன்ற தோட்டக் கழிவுகளை வீட்டு வளாகத்தில் குவித்து வைக்கக் கூடாது, ஏழு நாட்களுக்குள் அகற்ற வேண்டும், தவறினால் அபராதம் என்று அதில் இருக்கிறது. அதற்குக் கீழேயே இன்னொரு வரி: தூய்மைக் காவலர்களின் வண்டியில் தோட்டக் கழிவுகள் ஏற்கப்படமாட்டா.

இரண்டு வரிகளையும் சேர்த்து மூன்று முறை படித்தேன். நாங்களும் வைத்திருக்கக் கூடாது, நீங்களும் எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். தெருவில் போட்டால் அது தனிக் குற்றம். பிறகு என்னதான் செய்வது? அன்று மாலையே எங்கள் தெரு அதற்கு விடை கண்டுபிடித்துவிட்டது. நான்கு வீட்டுக் கொல்லைகளில் புகை எழுந்தது. எரிக்கும்படி நீங்கள் எங்கும் எழுதவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எரிப்பதைத் தவிர வேறு வழி எதையும் விட்டுவைக்கவில்லை.

என் வீட்டில் எரிக்கவில்லை. அகற்றவும் இல்லை. கெடு முடிந்து பத்து நாளாகிறது. இது தொடர்பாக இரண்டு மனுக்கள் கொடுத்தேன். முதல் மனுவுக்கு ஒப்புகை கேட்டபோது முத்திரை மை காய்ந்துவிட்டது என்றார்கள். இரண்டாவது மனுவை வாங்கியவர், "அம்மா, இதற்கெல்லாமா மனு எழுதுவார்கள்?" என்று சிரித்தார். அதனால்தான் இதை ஊரறிய எழுதுகிறேன்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். அங்கன்வாடியில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள். பாக் நீரிணைக் கரையில், கடலுக்கு நானூறு அடி தள்ளி, இருபது சென்ட் மணலில் என் வீடு. ஒன்பது தென்னை, மூன்று பனை, ஒரு பூவரசு, இரண்டு முருங்கை, வேலியோரம் ஒரு காகிதப்பூ. தென்னை ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு மட்டையைக் கழிக்கும். ஒன்பது மரத்துக்கு ஆண்டுக்கு நூற்றுக்கும் மேல். ஒவ்வொன்றும் பதினைந்து அடிக்குக் குறையாது. இதோடு பாளை, பன்னாடை, உதிரும் குரும்பை, உரித்த தேங்காய் மட்டை, நுங்கு சீவிய கோந்தை. கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் ஒரே இரவில் நான்கு மட்டைகள்கூட விழும். இதையெல்லாம் ஏழு நாளில் அகற்று என்றால், மரத்தைத்தான் அகற்ற வேண்டும்.

நான் 1983-இல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது மட்டைக்குக் கெடு வைக்க யாருக்கும் தோன்றியிருக்காது. மட்டையைத் திருடுவார்கள். விழுந்த சத்தம் கேட்டதும் ஓடிப் போய் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு அடுப்பில் எரிந்துகொண்டிருக்கும். ஓலையை ஊற வைத்துக் கிடுகு முடைந்தோம். ஈர்க்கைக் கிழித்து விளக்குமாறு கட்டினோம். பனை மட்டை வேலியாயிற்று, அதன் நார் கயிறாயிற்று, ஓலை பெட்டியும் பாயும் ஆயிற்று. பாளை அடுப்பு பற்றவைக்க. பன்னாடை பதநீர் வடிகட்ட. தகரமும் எரிவாயு உருளையும் பிளாஸ்டிக் வாளியும் வந்த பிறகு இத்தனைக்கும் ஒரே பெயர்தான்: குப்பை. அதற்காகக் கிடுகுக் காலத்துக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. எரிவாயு அடுப்பை விட்டுவிட்டு மீண்டும் புகையில் உட்கார எனக்கும் ஆசை இல்லை. பயன் போய்விட்டதே தவிர மரம் மட்டையைக் கழிப்பதை நிறுத்தவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். அதற்கு ஒரு வழி காண்பது வீட்டுக்காரரின் வேலையும்தான், உங்கள் வேலையும்தான்.

நீங்கள் கண்ட வழி எங்களுக்குத் தெரியும். சாலையோர மரங்களிலிருந்தும் பொது இடங்களிலிருந்தும் வெட்டிய மட்டைகளை ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் கடற்கரையில் குவிக்கிறீர்கள். குவியல் ஆள் உயரம் வந்ததும் ஒரு நாள் அது எரிகிறது. யார் வைத்த தீ என்று எப்போதும் யாருக்கும் தெரிவதில்லை.

ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இரவு அப்படித்தான் எரிந்தது. கச்சான் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. காய்ந்த தென்னோலைப் பொறி மற்ற பொறிகளைப் போல மேலே எழும்பி அணைந்துவிடாது. ஓலைத் துண்டே ஓரத்தில் கங்கு பிடித்தபடி பட்டம் போலப் பறந்து போகும். அப்படி ஒன்று கரையோரம் அடுக்கியிருந்த நண்டு வலையில் விழுந்தது. மறுநாள் அந்த வலையைப் போய்ப் பார்த்தேன். நைலான் எரிந்து சாம்பலாவதில்லை. முடி கருகுவதுபோல் சுருண்டு, உருகி, கண்ணுக்குக் கண் கறுப்பு மணியாக இறுகியிருந்தது. வலைக்காரப் பையன் மணலில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் ஒவ்வொரு மணியாக வெட்டிக் கொட்டாங்கச்சியில் போட்டுக்கொண்டிருந்தான். எதற்கடா இதைச் சேர்க்கிறாய் என்று கேட்டேன். "மணலில் விட்டால் பிள்ளைகள் காலில் குத்தும் பெரியம்மா" என்றான். நான்கு கட்டு வலை போயிற்று. இருபது அடி தள்ளிப் பைபர் படகுகள் நின்றன. காற்று சற்றுத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவன் உங்களிடம் வந்து கேட்டபோது, யாரோ பீடியை எறிந்திருப்பார்கள், ஊராட்சிக்குச் சம்பந்தமில்லை என்றீர்கள். சரி, பீடி என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பீடி விழுந்தால் பற்றிக்கொள்ளும் அளவுக்குக் காய்ந்த மட்டையை வலைக்கும் படகுக்கும் பக்கத்தில் குவித்தது யார்?

இனி என் குவியலைப் பற்றிச் சொல்கிறேன். ஆய்வுக்கு வந்தவர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். அதனால் எழுத்தில்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

உங்கள் அலுவலகத்தில் ஒருவர், தென்னை மட்டை மக்காது, அதனால் அது மக்கும் குப்பையில் சேராது என்றார். மக்கும். உங்கள் கெடுவுக்குள் மக்காது, அவ்வளவுதான். காய்கறித் தோல் ஒரு மாதத்தில் கரைகிறது, ஏனென்றால் அதில் நீரும் சத்தும் அதிகம். மட்டையில் இருப்பது நாரும் லிக்னினும். மரத்தைக் காற்றில் சாயாமல் நிமிர்த்தி வைத்திருக்கும் பொருள் அந்த லிக்னின்தான். சாதாரண நுண்ணுயிர்களுக்கு அது பல்லில் கல் கடித்த மாதிரி. பூஞ்சைகள்தான் அதை மெல்ல மெல்லப் பிரிக்கும். அதோடு, மட்டையில் கரிமச் சத்து மிகுதி, தழைச்சத்து மிகக் குறைவு. தழைச்சத்தை நாம் வெளியிலிருந்து கொடுத்து, ஈரமும் காத்தால்தான் பூஞ்சை வேலை செய்யும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. காசர்கோட்டில் இருக்கும் மத்தியத் தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், வெயிலிலும் பனியிலும் கிடந்து பதமான தென்னோலையைப் பத்துக்கு ஒரு பங்கு சாணத்தோடு சேர்த்து மண்புழு உரமாக்கும் முறையை எப்போதோ சொல்லிவிட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1 டன் தென்னை நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும், அதோடு சிப்பிக்காளான் வித்தும் போட்டு மக்க வைக்கச் சொல்கிறது. தேங்காய் மட்டையின் தூளையே உரமாக்கலாம் என்றால், தென்னை மட்டைக்கு மட்டும் என்ன வந்தது?

என்னிடம் காளான் வித்து இல்லை, அரிவாள் இருக்கிறது. மட்டை விழுந்ததும் ஈர்க்கை உருவிவிட்டுக் கீற்றைத் தனியாக எடுத்துப் பூவரசு நிழலில் போட்டுவிடுவேன். மூன்று மாதம் கிடந்து வெளுக்கும். நடுமட்டைதான் உண்மையான பாடு. பனந்துண்டின் மேல் வைத்துச் சாண் அளவுக்கு வெட்டி, ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பேன். பிளப்பதில்தான் சூட்சுமம். மட்டையின் வெளிப்புறம் மெழுகு தேய்த்ததுபோல் வழுவழுப்பாக இருக்கும், எத்தனை மழை பெய்தாலும் தண்ணீர் வழிந்து போய்விடும். பிளந்துவிட்டால் உள்ளே இருக்கும் சோறு வெளியே தெரியும். அது பஞ்சு மாதிரி, தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிறகு, கிழிந்த படகுத் தார்ப்பாயை விரித்த ஒரு குழியில் பத்து நாள் ஊறப் போடுவேன். தேங்கிய நீர் என்பதால் மேலே பழைய கொசுவலையை விரித்து, ஓரம் முழுவதும் மணலைக் கொட்டி அடைத்துவிடுவேன். பத்தாம் நாள் அந்தத் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும்.

அடுக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அடியில் ஒரு முழ உயரம் பிளந்த மட்டைத் துண்டுகள், காற்று புகுவதற்காக. அதன் மேல் கீற்று. அதன் மேல் சாணிக் கரைசல், முருங்கைத் தழை, வாழைத்தண்டு கிடைத்தால் அதுவும். நடுவில் மீன் கழிவு. இந்தக் கரையில் தழைச்சத்துக்கு யூரியா மூட்டை தேடிப் போக வேண்டியதில்லை. சூடையும் சாளையும் வெட்டும் வீடுகளில் தலையும் குடலும் செதிலும் தினமும் கிடைக்கும். ஆனால் ஆழமாகப் புதைக்க வேண்டும். முதல் வருடம் அது தெரியாமல் மேலாகப் போட்டேன். நாய்கள் மூன்று தெருவுக்கு இழுத்துப் போட்டன. பக்கத்து வீட்டு ராத்தாவின் திண்ணையில் ஒரு சூரைத் தலை கிடந்தது. ராத்தா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது அவர் வீட்டு மீன் கழிவும் என் குவியலுக்குத்தான் வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே பழைய எரு இரண்டு கூடை. இது பாலுக்கு உறை மோர் மாதிரி. போன தடவை சலித்தபோது நின்ற மக்காத துண்டுகளையும் இதிலேயே சேர்ப்பேன். அவற்றில் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை ஏறியிருக்கும். பிறகு கிடுகு போட்டு மூடி, கல் வைத்துவிடுவேன். மூடாவிட்டால் கச்சான் காற்று இரண்டே நாளில் ஈரத்தை உறிஞ்சிவிடும், குவியல் வெறும் விறகுக் கட்டாகிவிடும். மற்ற ஊர்களில் குவியல் அழுகிவிடும் என்று பயப்படுவார்கள். நமக்கு எப்போதும் காய்ந்துவிடும் என்ற பயம்தான்.

மூன்றாம் நாள் கடப்பாரையை நடுவில் செருகி, கால் மணி நேரம் விட்டு உருவிப் பார்ப்பேன். கையால் பிடிக்க முடியாத சூடு இருந்தால் குவியல் பிடித்துவிட்டது என்று பொருள். நாற்பது நாளுக்கு ஒரு முறை புரட்டல். கீற்று ஐந்தாறு மாதத்தில் நிறம் மாறி உதிர்ந்துவிடும். பிளந்த மட்டைக்குப் பதினோரு மாதம். இடுப்பு உயரம் ஏற்றியது முழங்கால் அளவுக்கு இறங்கியிருக்கும். மேல் ஓட்டைத் தள்ளிவிட்டுக் கையை விட்டால், அரைத்த காப்பித் தூள் மாதிரி கருமையாக, கொஞ்சம் முறுகலாக, மழை விழுந்த மண்ணின் வாசனையோடு வரும். நடுவில் ஒரு மட்டைத் துண்டு உருவம் மாறாமல் இருப்பதுபோல் தோன்றும். விரலால் அழுத்தினால் ரஸ்க் மாதிரிப் பொடிந்துவிடும்.

எல்லாமே குவியலுக்குப் போவதில்லை. உரித்த தேங்காய் மட்டையைத் தென்னையைச் சுற்றி வாய்க்கால் தோண்டி, குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கிப் புதைக்கிறேன். மழை நீரைப் பிடித்து வைத்து மாதக் கணக்கில் வேருக்குக் கொடுக்கும். பனையின் கருக்குமட்டையோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை. அது மக்குவதற்குள் எனக்கு வயதாகிவிடும், வேலிக்குத்தான். வேலியில் முளைக்கும் சீமைக்கருவேலைக் கரிமூட்டம் போடுகிறவர் வந்து வெட்டிக்கொண்டு போகிறார். பதிலுக்கு அவர் தரும் கரித்தூளும் என் குவியலில்தான் சேர்கிறது.

இதனால் கிடைப்பது என்ன என்று கேட்பீர்கள். நம் மணலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், குடத்தைக் கீழே வைப்பதற்குள் காணாமல் போயிருக்கும். ஆறு வருடம் முன்பு வரை கத்தரிக்கும் மிளகாய்க்கும் காலையும் மாலையும் நீர் ஊற்றினேன். கிணறு உவர். குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் குறித்து வைக்கிற ஊர் இது. எரு போட்ட பாத்திகளுக்கு இப்போது மூன்று நாளுக்கு ஒரு முறை ஊற்றினால் போதும், அதுவும் அரிசி களைந்த நீரும் பாத்திரம் அலசிய நீரும்தான். நீங்கள் கடற்கரையில் எரிப்பது இந்தத் தண்ணீரைத்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

உங்கள் ஆட்சேபங்கள் எல்லாவற்றையும் நான் தள்ளிவிடவில்லை. கொசு என்கிறீர்கள். டெங்கு பரப்பும் கொசு தெளிந்த நீர் தேங்கும் இடத்தில் முட்டையிடும். குவியலில் நீர் தேங்காது, ஈரம்தான் இருக்கும். ஆனாலும் அறிவிப்பைப் படித்த அன்று என் கொல்லை முழுவதும் தேடினேன். புழு இருந்தது. கிணற்றடியில் மல்லாந்து கிடந்த இரண்டு கொட்டாங்கச்சியிலும், தோணி போல விழுந்து கிடந்த ஒரு பாளையிலும் நெளிந்துகொண்டிருந்தது. என் தவறுதான். அன்றே கவிழ்த்துவிட்டேன். இப்போது கொட்டாங்கச்சியைக் குவியல் பக்கமே வைப்பதில்லை. ஆகவே கொட்டாங்கச்சியைக் கவிழ்க்கச் சொல்லி அறிவிப்பு ஒட்டுங்கள், நானே தெருத் தெருவாக வந்து பசை தடவித் தருகிறேன்.

காண்டாமிருக வண்டு பற்றி நீங்கள் எழுதவே இல்லை. உண்மையில் இதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும், இந்தக் கேள்விதான் வலுவானது. எருக்குழியிலும் மக்கிய தென்னந்துண்டிலும் அந்த வண்டு முட்டையிடும். வெளியே வந்து தென்னங்குருத்தைத் துளைக்கும். விரிந்த மட்டை கத்தரியால் முக்கோணமாக வெட்டியதுபோல் இருந்தால் அதன் வேலை என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டாம் வருடம் புரட்டாமல் விட்ட என் குவியலில் கட்டைவிரல் தடிமனில், வளைந்து, வெள்ளையாக முப்பதுக்கு மேல் புழுக்கள் கிடந்தன. கோழிகளுக்கு அன்று கல்யாண விருந்து. அதிலிருந்து நாற்பது நாள் கணக்குத் தவறுவதில்லை. மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையை எருவில் கலந்தால் புழு மடியும் என்று வேளாண்துறையினர் சொல்வார்கள். ஆமணக்குப் புண்ணாக்கைப் பானையில் கரைத்துத் தோப்பில் புதைத்து வைத்தால் வண்டு அதில் விழும். புரட்டாமல் போட்டு வைக்கும் குவியல் ஆபத்து என்பதில் உங்களோடு நான் ஒத்துப்போகிறேன். அப்படியானால் கடற்கரையில் நீங்கள் மாதக் கணக்கில் புரட்டாமல் போட்டு வைத்திருப்பது என்ன?

பாம்பு வரும் என்கிறீர்கள். அதற்குக் குவியல் தேவையில்லை, எலி இருந்தால் போதும். நாற்றம் வந்தால் மேலே இரண்டு கூடை மண் போடுங்கள், போய்விடும்.

சட்டத்தையும் கொஞ்சம் பார்ப்போம், அபராதம் என்று முதலில் சொன்னது நீங்கள். திறந்த வெளியில் குப்பை எரிப்பதை நாடு முழுவதும் தடை செய்து 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று தொகையும் அதில் இருக்கிறது. அதே 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், தோட்டக் கழிவை வீட்டுக்காரர் தம் வளாகத்திலேயே தனியாகச் சேர்த்து வைத்து, உள்ளாட்சி சொல்லும் முறையில் அப்புறப்படுத்த வேண்டும் என்றன. வீட்டிலேயே உரமாக்குவதை உள்ளாட்சி ஊக்குவிக்க வேண்டும் என்றும் அவற்றில் இருந்தது. அவை நகரங்களுக்கு எழுதியவை, கிராம ஊராட்சிக்குப் பொருந்தா என்று உங்கள் எழுத்தர் சொல்லக்கூடும். சொல்லட்டும். கொல்லையே இல்லாத நகரத்தாரை வீட்டில் உரம் போடச் சொல்லும் நாட்டில், இருபது சென்ட் மணல் இருக்கிற என்னை ஏன் தடுக்கிறீர்கள் என்பதற்கு அவர் பதில் சொல்லட்டும்.

தூய்மைக் காவலர்கள் மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மூன்று சக்கர வண்டியில் பதினைந்து அடி மட்டையை அவர்கள் எப்படி ஏற்றுவார்கள்? கருக்குமட்டையைத் தூக்கிய ஒரு தங்கையின் உள்ளங்கை கிழிந்து நான் மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன். கையுறைகூடக் கொடுக்கவில்லை. ஏற்க மாட்டோம் என்று நீங்கள் எழுதியது அவர்களுக்காகத்தான் என்றால், அதையே நேராகச் சொல்லியிருக்கலாம்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு, பச்சை வண்ணம் அடித்து, மண்புழு உரக்கூடம் என்று பெயரும் எழுதி ஒரு கட்டடம் நிற்கிறது. திறந்த அன்று எடுத்த போட்டோ உங்கள் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. கூடத்தின் நான்கு தொட்டிகளில் இரண்டில் ஆடுகள் படுத்திருக்கின்றன, ஒன்றில் பழைய கொடிக்கம்பம் கிடக்கிறது. நான்காவது காலி.

நான் கேட்பவை இவை.

மின்கம்பத்தில் ஒட்டிய அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக, குவியல் வைக்கிறவருக்கு நிபந்தனை போடுங்கள்: அண்டை வீட்டுச் சுவரிலிருந்து ஐந்து அடி தள்ளி இருக்க வேண்டும், மூடியிருக்க வேண்டும், நாற்பது நாளுக்கு ஒரு முறை புரட்ட வேண்டும், கொட்டாங்கச்சியும் பிளாஸ்டிக்கும் கலக்கக் கூடாது. மீறினால் அபராதம் போடுங்கள், என்னிடமிருந்தே தொடங்குங்கள். கால அளவு மட்டும் ஏழு நாள் வேண்டாம். மட்டைக்கு ஓர் ஆண்டு கொடுங்கள்.

ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் மட்டை கொட்டுவதை இன்றே நிறுத்துங்கள். வலையும் படகும் இருக்கும் கரையில் எரிக்கக் கூடாது என்று ஊராட்சியே தனக்குத் தானே ஒரு தீர்மானம் போட்டுக்கொள்ள வேண்டும். நான்கு கட்டு வலை இழந்த பையனின் மனு உங்களிடம் இருக்கிறது. அதற்கு எழுத்தில் பதில் கொடுங்கள், முடியாது என்றாலும் எழுத்தில்.

வீட்டுக் கொல்லை இல்லாதவர்கள் நம் ஊரில் பாதிப் பேர். அவர்களுக்காகவும் ஊரின் பொதுமரங்களுக்காகவும் உரக்கூடத்திலிருந்து ஆடுகளை எழுப்பிவிட்டு அந்த நான்கு தொட்டிகளையும் திறந்துவிடுங்கள். மட்டையைத் தூளாக்கும் இயந்திரத்தை மாதத்தில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து அங்கே நிறுத்தினால், என் அரிவாள் ஒரு வாரம் செய்யும் வேலையை அது ஒரு காலையில் முடித்துவிடும். டீசல் செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ள எங்கள் தெருவில் பதினோரு வீடுகள் சம்மதித்திருக்கின்றன. பட்டியல் என்னிடம் இருக்கிறது. தூய்மைக் காவலர்களுக்குத் தடித்த தோல் கையுறையும் ஆளுக்கு ஓர் அரிவாளும் வாங்கிக் கொடுங்கள். மட்டையை வெட்டிக் கட்டி வாசலில் வைப்பது எங்கள் பொறுப்பு.

ஐப்பசி அடைமழை தொடங்குவதற்கு முன்பே தொட்டிகளை நிரப்பினால்தான் நனைக்கும் செலவு மிச்சமாகும். ஆகையால் அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபையின் பொருள் நிரலில் இதைச் சேருங்கள். அன்று ஒரு சாக்கு எருவும், அதில் இன்னும் மக்காத மட்டைத் துண்டுகள் சிலவும் கொண்டு வருகிறேன். மக்காது என்று சொன்னவர் முதல் வரிசையில் உட்கார வேண்டும். அதற்குள் அபராதச் சீட்டு எழுதுவதாக இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், அதையும் சபையில் படிப்பேன். இந்த மடலுக்கு முத்திரை வைத்த ஒப்புகை வேண்டும். மை நான் வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
கிழக்குத் தெருவில் ஒன்பது தென்னை உள்ள வீட்டுக்காரி